மூணாம் நம்பர் மெஷினில் இருந்த பேய்

ஆஸ்பத்திரி லாண்டரியில் முப்பத்தோரு வருஷமாக வேலை பார்க்கிற அவளுக்குக் கதைக்காரி என்ற பெயரை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் சும்மா கிடந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிச் சொல்லித்தான் அம்மா அவளை வளர்த்தாள். பிழைத்தாள்தான். ஆனால் அந்த வாய் திறந்தே ஆக வேண்டிய ஒரு நாளில் மூடிக்கொண்டது. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் வாய் மேலேயே ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருக்கும்.

கோபக்காரி. சொட்டுகிற குழாயோடு சண்டை போடுவாள், சில்லறை இல்லை என்கிற கண்டக்டரோடு சண்டை போடுவாள், சண்டைக்கு ஆள் கிடைக்காத நாளில் தேதி கிழிக்காத காலண்டரோடு போடுவாள். அவள் புருஷன் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். "விடு" என்ற ஒரு வார்த்தையை மூலதனமாக வைத்தே குடும்பம் நடத்திய மனுஷன். குழாயா, விடு. கண்டக்டரா, விடு. அவர் நல்லவர்தான், அதில் சந்தேகம் இல்லை. நல்லவர்கள் பக்கத்தில் இருந்தால் கோபம் குறையும் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான்.

லாண்டரி ஆஸ்பத்திரிக்குப் பின்னால், பிணவறையைத் தாண்டி இருந்தது. ஒரு பக்கம் துவைக்கும் மெஷின்கள், நடுவில் பிழியும் மெஷின்கள் மூன்று, மறுபக்கம் மடிக்கும் மேடை. பெட்ஷீட்டை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, விலகி நின்று உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகி, மறுபடி சேர வேண்டும். மெஷின் சத்தத்தில் தள்ளி நிற்கும்போது பேச்சு கேட்காது. கிட்டே வரும்போது மட்டும் ரெண்டு வாக்கியம் பேசலாம். கதைக்காரி இதையே தன் வசதிக்கு வளைத்துக்கொண்டாள். கிட்டே வரும்போது கதையில் ஒரு துண்டு சொல்வாள், சஸ்பென்ஸான இடத்தில் விலகிப் போய்விடுவாள். எதிர்முனைக்காரி அடுத்த துண்டைக் கேட்க வேக வேகமாக நடந்து வருவாள். கதைக்காரியோடு ஜோடி சேர்ந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று பெயர்.

அவளுடைய நிரந்தர ஜோடி குருவி. ஆள் ஒல்லி, ஆனால் குரல் கணீரென்று இருக்கும். ஏழு வயது இளையவள், எதற்கெடுத்தாலும் "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொள்வாள். குருவிக்காகத்தான் அந்தப் பேய்க்கதை ஆரம்பமானது. மூணாம் நம்பர் பிழியும் மெஷினுக்குள் ஒரு பொம்பளைப் பேய் இருக்கிறது. வார்டில் செத்துப்போனவள். அவள் படுத்திருந்த பெட்ஷீட்டில் ஒரு கறை. அது போனால்தான் அவளும் போவாள். மூடியைத் திறக்கிறவளிடம் எல்லாம் கேட்பாள், "என் துணி வெளுத்துச்சா?" என்று.

"என்ன பதில் சொன்னா போகும்க்கா?" குருவி முனையைச் சேர்த்துக்கொண்டே கேட்பாள்.

"வெளுத்துச்சுன்னு சொன்னா, காட்டுன்னு கேக்கும். வெளுக்கலைன்னு சொன்னா, நீ ஏன் வெளுக்கலைன்னு கேக்கும்."

"அப்ப மூணாவதா ஒரு பதில் இருக்கணுமே."

"இருக்கு. நாளைக்கு."

உண்மை என்னவென்றால் மூணாவது பதில் கதைக்காரிக்கும் தெரியாது. மூன்று வாரமாக நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தாள். மடிக்கிற எட்டுப் பெண்களும் கதையைப் பங்கு போட்டுக் கேட்டார்கள். யாரும் பயப்படவில்லை, சொல்லிவைக்கிறேன். மூணாம் நம்பரைத் திறக்கும்போது "வந்துட்டேம்மா, கொஞ்சம் நகரு" என்று பேயிடம் சொல்லிவிட்டுத் துணியை அள்ளுவார்கள். அந்தப் பேய் அவர்களுக்கு ஒன்பதாவது ஆள் மாதிரி.

அந்த மெஷினில் நிஜமான கோளாறு வேறு. பிழியும் மெஷினின் மூடியில் ஒரு சுவிட்ச் உண்டு. மூடி திறந்தால் மெஷின் நிற்க வேண்டும், நின்ற பிறகுதான் மூடி திறக்க வேண்டும், அதற்காக வைத்தது. மூணாம் நம்பரில் அது ஆடிப்போயிருந்தது. மெஷின் அதிர்கிற அதிர்வுக்கே மூடி திறந்ததாக நினைத்துக்கொண்டு பாதியில் நின்றுவிடும். மறுபடி ஈரத்துணியைப் பிரித்து அடுக்கி ஓட்ட வேண்டும். வார்டுகளில் இருந்து போன் மேல் போன் வரும். ஆகவே கிழிந்த பெட்ஷீட்டில் ஒரு துண்டைக் கிழித்து சுவிட்சை அழுத்திக் கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டால் மெஷின் நிற்காது. மூடியைத் திறந்தாலும் நிற்காது. சுற்று அடங்கும்வரை காத்திருக்க நேரமில்லாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து, ஒரு துணிச்சுருளை உள்ளே அழுத்தி வேகத்தைக் குறைக்கவும் பழகிக்கொண்டார்கள். எட்டுப் பேரும் கட்டியிருக்கிறார்கள். எட்டுப் பேரும் அப்படித் திறந்திருக்கிறார்கள்.

கட்டச் சொன்னது சூப்பர்வைசர். அவரைப் பெண்கள் சாந்தசொரூபி என்று கூப்பிட்டார்கள். ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. "அம்மா, கொஞ்சம் கட்டிவிட்டு ஓட்டுங்கம்மா, மெக்கானிக் அடுத்த வாரம் வர்றார்" என்பார். மெக்கானிக் அடுத்த வாரத்திலேயே குடியிருந்தார். கத்துகிறவனிடம் திருப்பிக் கத்தலாம். பூப்போலப் பேசுகிறவனை என்ன செய்வது? அவன் சொன்னதைச் செய்து முடித்த பிறகுதான் அது தப்பு என்றே நமக்குத் தோன்றும்.

அன்றைக்குக் காலையில் சுவிட்சைக் கட்டியது கதைக்காரி. ரெட்டை முடிச்சு. இதில் ஒளிக்க எதுவும் இல்லை, அவளும் தன்னிடம் ஒளித்ததில்லை. பதினோரு மணிக்குக் குருவி மூணாம் நம்பரின் மூடியைத் திறந்தாள். வேகம் அடங்காத ஈரப் பெட்ஷீட்டின் ஓரம் அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே இழுத்தது. கதைக்காரி திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடந்ததால் உயிர் பிழைத்தாள் என்று பிறகு எல்லோரும் அதை ஒரு பாக்கியம் மாதிரிச் சொன்னார்கள்.

ஸ்ட்ரெச்சர் போன அடுத்த நிமிஷம் சாந்தசொரூபி மூணாம் நம்பர் பக்கம் குனிந்து அந்தத் துணித்துண்டை அறுத்து எடுத்து பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். கதைக்காரி பார்த்தாள். அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

மறுநாள் விசாரணை. அதற்கு முன்னால் ஒவ்வொருத்தியாக ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டார். கதைக்காரியின் முறை வந்தபோது ஸ்டூலைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

"சுவிட்சைக் கட்டினது யாருன்னு கேட்டா உங்க பேரைத்தான்மா சொல்ல வேண்டி வரும். எனக்கு அதுல இஷ்டம் இல்லை. நீங்க ஏதோ பேய்க்கதை சொல்லிட்டிருந்தீங்களாமே? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பாவம், பயந்துபோய் அவசரத்துல திறந்துட்டா. அப்படித்தானே?"

கதைக்காரிக்கு அப்போது ரெண்டு சின்னப் பிள்ளைகள். போலீஸ் என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை, ஆனால் அவளுக்குக் கேட்டது. "அப்படித்தான்" என்றாள். எட்டில் ஒன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில். மிச்சம் ஏழு வாயும் அதையே சொல்லின. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைப் பேயின் மேல் போட்டார்கள், பேயோ குருவியின் மேல் ஏறிக்கொண்டது.

விசாரணை அறிக்கை ஒரே பக்கம். "பேய் பற்றிய மூடநம்பிக்கையால் ஏற்பட்ட பதற்றத்தில், இயந்திரம் நிற்கும் முன்பே ஊழியர் தானாக மூடியைத் திறந்ததே விபத்துக்குக் காரணம்." இந்த ஒரு வாக்கியத்தைக் காட்டி அவளை வேலையை விட்டு எடுத்தார்கள். இந்த ஒரு வாக்கியத்தால் தெருவில் குருவிக்குப் பேய்க்காரி என்று பெயர் வந்தது. அந்த வாக்கியத்தை அடித்துவிட வேண்டும் என்று அவள் எழுதாத மனு இல்லை, ஏறாத ஆபீஸ் இல்லை. போகிற இடமெல்லாம் ஏழு பேர் சொன்னது பொய்யா என்று கேட்டார்கள்.

வார்டில் கதைக்காரி அவளை ஒரே ஒரு தடவை பார்க்கப் போனாள். குருவி கட்டுப்போட்ட கையைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்தாள்.

"நீயும் அப்படித்தான் சொன்னியாக்கா?"

"ஆமா."

அவ்வளவுதான் பேச்சு. அதன் பிறகு இருபத்தோரு வருஷம். குருவி மூன்று தெரு தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்தாள். இடது கையால் எழுதப் பழகி, வருகிறவர்களுக்கு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுத்தாள். கதைக்காரி ஒரு காகிதம் ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் போனாள். கதை சொல்வதை நிறுத்திவிட்டாள், பேரப்பிள்ளைகளுக்குக்கூடச் சொல்வதில்லை. தன் கதையால்தான் குருவி பதறினாள், தன் கதையால்தான் கை போனது என்று நெஞ்சுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். புருஷனிடம் ஒரு நாள் சொன்னாள்.

"விடு" என்றார் அவர்.

சாந்தசொரூபி மேலே மேலே போய் ஸ்டோர்ஸ் மேனேஜர் ஆகி, இந்த வருஷம் ஓய்வு பெற்றார். கதைக்காரிக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு வழியனுப்பு விழா. நூறு பேர் இருப்பார்கள். டாக்டர்கள், நர்சுகள், புதிதாய் வந்த லாண்டரிப் பெண்கள். அந்த எட்டுப் பேரில் வேலையில் மிச்சம் இருந்தது இவள் ஒருத்திதான். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாராட்டுப் பேச்சுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கோபப்பட்டே பார்க்காத மனிதர் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

ஏற்புரைக்கு அவர் மைக்கைப் பிடித்தார். பழைய நினைவுகள் என்று ஆரம்பித்தார். "நம்ம லாண்டரியில ஒரு பேய் இருந்தது, தெரியுமா உங்களுக்கு? மூணாம் நம்பர் மெஷின்ல. அந்தப் பேயைப் பெத்தவங்க இங்கதான் இருக்காங்க. முடிவைச் சொல்லாமலே நிறுத்திட்டாங்க. இன்னைக்கு எனக்காக அந்தக் கதையை முடிச்சு வைங்கம்மா."

எல்லோரும் திரும்பினார்கள். கதைக்காரிக்கு உள்ளங்கால் வரை கொதித்தது. அந்த ஆள் கிண்டல் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவருக்குப் பேய் ஞாபகம் இருந்தது, கை ஞாபகம் இல்லை. அடுத்தவள் கையைத் தின்று ஏப்பம் விட்டவனுக்கு அது ஒரு வேடிக்கைக் கதையாக மிஞ்சியிருந்தது.

எழுந்து போனாள். மைக்கை வாங்கினாள். இருபத்தோரு வருஷமாக இல்லாத முடிவு, நடந்து வந்த இருபது அடியில் வந்துவிட்டது.

"மெஷினுக்குள்ள பேய் இருந்தது" என்று ஆரம்பித்தாள். "மூடியைத் திறக்கிறவங்ககிட்ட எல்லாம் என் துணி வெளுத்துச்சான்னு கேக்கும். ஒரு நாள் காலையில சூப்பர்வைசர் வந்து, மெஷினோட சுவிட்சைத் துணியால கட்டும்மான்னு ஒருத்திகிட்ட சொன்னார். அவ கட்டினா. அந்த ஒருத்தி நான்தான். பதினோரு மணிக்கு இன்னொருத்தி மூடியைத் திறந்தா. அவ கை போச்சு. சூப்பர்வைசர் அந்தத் துணியை அறுத்துத் தன் பாக்கெட்ல வச்சுக்கிட்டார். அப்புறம் ஏழு பேரைக் கூப்பிட்டு, பேய்தானே காரணம்னு கேட்டார். ஆமான்னோம். அன்னைக்கு ராத்திரியே அந்தப் பேய் மெஷினை விட்டுப் போயிருச்சு. இந்த மனுஷங்களோட இருக்க அதுக்கு பயமாயிருச்சு."

தொழில் கெட்டுப் போகவில்லை, அதுதான் வினை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தினாள். கூடம் மூச்சு விடாமல் கேட்டது. முடித்ததும் கைதட்டினார்கள். நூறு பேரும் தட்டினார்கள். முன் வரிசையில் ஒரு சின்ன டாக்டர், "சூப்பர்மா, திகில் கதைன்னு நினைச்சேன், கருத்துக் கதையா முடிச்சிட்டீங்க" என்றார்.

"இது கதை இல்லை" என்றாள் மைக்கில்.

இன்னும் பலமாகத் தட்டினார்கள். நல்ல கதைசொல்லிகள் அப்படித்தானே முடிப்பார்கள். சாந்தசொரூபியின் முகம் வெளுத்திருந்தது, ஆனால் அவரும் தட்டினார். "நல்ல முடிவு. பிரமாதம்மா" என்று மைக்கை மெல்ல அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அடுத்து நினைவுப் பரிசு என்று அறிவித்தார்கள்.

அவள் பையைக்கூட எடுக்காமல் வெளியே வந்தாள். தெருவில் நடக்கும்போது கோபத்தில் கண் தெரியவில்லை. அவர்மேல் கோபம், கை தட்டிய மடையர்கள்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் நாக்கின்மேல் கோபம். முழு உண்மையைச் சொல்லியும் அதை ஜோடித்துச் சொன்ன நாக்கு. இருபத்தோரு வருஷமாகச் சுற்றிப் போன வழியை விட்டுவிட்டு, நேராக ஜெராக்ஸ் கடை வாசலில் போய் நின்றாள்.

குருவி ஒரு கிழவரின் பென்ஷன் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பேனாவை வைக்கவில்லை. கிழவரிடம் கையெழுத்து வாங்கி, அவரை அனுப்பிவிட்டுத்தான் பேசினாள்.

"எத்தனை காப்பி?"

"சொல்லிட்டேன்" என்றாள் கதைக்காரி. "எல்லார் முன்னாடியும் மைக்ல சொல்லிட்டேன். நான் கட்டினதையும், அவர் கட்டச் சொன்னதையும், துணியை எடுத்துப் பாக்கெட்ல வச்சதையும்."

"என்ன சொன்னாங்க?"

கதைக்காரிக்குச் சொல்ல வாய் கூசியது. "கைதட்டினாங்க."

குருவி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "கதையா சொன்னியாக்கும்."

"எனக்கு வேற மாதிரி சொல்ல வரலை. இத்தனை வருஷமா எனக்குத் தூக்கம் இல்லை. என் கதையாலதானே நீ பதறிப் போய்த் திறந்தே. அன்னைக்கு முடிவைச் சொல்றேன்னு வேற சொல்லியிருந்தேன்."

"உன் கதைக்காகவா?" குருவியின் பழைய கணீர்க் குரல் இப்போதுதான் வெளியே வந்தது. "உன் கதை எனக்கு ஞாபகமே இல்லை அன்னைக்கு. ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து மூணாவது தடவையா போன் அடிக்குது. அந்த ஆள் எனக்குப் பின்னாடி நின்னு, சீக்கிரம் எடும்மா சீக்கிரம் எடும்மான்னு சொல்லிட்டிருக்கார். அதனால திறந்தேன். விசாரணைக்காரங்க கட்டில்கிட்ட வந்து கேட்டப்பவும் இதைச் சொன்னேன். ஏழு பேர் பேய்னு சொல்றாங்க, நீ மட்டும் அவரைச் சொல்றியேன்னு எழுதிக்கவே இல்லை. உன் கதை என் கையை எடுக்கலை. நீ ஆமான்னு சொன்னே பாரு, அதுதான் என் வேலையையும் பேரையும் எடுத்தது. நீ என்னடான்னா கதைதான் காரணம்னு நினைச்சு உக்காந்து அழுதிருக்கே. அது ரொம்ப வசதியான அழுகை."

இருபத்தோரு வருஷமாகத் தான் சுமந்தது தப்பான மூட்டை என்று கதைக்காரிக்கு உறைத்தது. உள்ளுக்குள் தன் கதையைப் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கம் கோபத்தைவிட மோசம், அதை யார் மேலும் காட்ட முடியாது.

குருவி டிராயரைத் திறந்து கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்தாள். இடது கையில் பேனாவைப் பிடித்தாள்.

"உக்காரு. தேதி சொல்லு."

சொன்னாள்.

"சுவிட்சைக் கட்டினது எத்தனை மணிக்கு?"

"காலையில, வெயில் அந்த ஜன்னல்ல விழுந்து..."

"வெயில் வேண்டாம். மணி."

"எட்டே கால்."

"அவர் சொன்ன வார்த்தை?"

"கொஞ்சம் கட்டிவிட்டு ஓட்டுங்கம்மான்னு, பூ மாதிரி..."

"பூ வேண்டாம்."

இப்படியே போனது. பேய் ஒரு வரியில் வந்தது: "பேய் பற்றி நாங்கள் வேடிக்கையாகப் பேசிக்கொண்டோம், யாருக்கும் பயம் இருந்ததில்லை." ஸ்டோர் ரூம் நாலு வரியில் முடிந்தது. கதைக்காரி ஜோடிக்கப் பார்த்த இடத்தில் எல்லாம் குருவியின் பேனா நின்றது. இடதுகை எழுத்து மெதுவாகத்தான் வந்தது, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக அழுத்தமாக நின்றது. ஒன்றரைப் பக்கம். குருவி அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். வாசிக்கும்போது அவள் குரல் எங்கேயும் நடுங்கவில்லை.

"கடைசியில ஒரு வரி சேர்க்கலாமா?" என்று கேட்டாள். "நான் செஞ்சதுக்கு மன்னிப்பு..."

"அதுக்கு இதுல இடம் இல்லை. கையெழுத்துப் போடு. ரெண்டு பக்கத்துலயும்."

போட்டாள். சம்பளச் சீட்டில் மட்டும் இருந்த அந்தப் பெயரை முழுசாக எழுதினாள். குருவி எழுந்து மூன்று பிரதி எடுத்தாள். ஒன்றை டிராயரில் வைத்துப் பூட்டினாள். மீதியைக் கவரில் போட்டு மேஜைமேல் தள்ளினாள்.

"கலெக்டர் ஆபீஸ்ல தொழிலாளர் பிரிவு. ரெண்டாம் மாடி. அஞ்சு மணி வரைக்கும் இருப்பாங்க. தபால் பெட்டியில போடச் சொல்லுவாங்க, போடாதே. கையில குடுத்து, பிரதியில முத்திரை வாங்கு. முத்திரை இல்லாம வராதே."

மணி நாலு பத்து. கதைக்காரி கவரை எடுத்துக்கொண்டாள். இந்தக் கையெழுத்தால் மிச்சம் ஏழு மாதம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் புருஷன் என்ன சொல்வார் என்றும் தெரியும். விடமாட்டேன் என்று இந்தத் தடவை அவளால் சொல்ல முடியும்.

"நீயும் கூட வர்றியா?" என்று கேட்டாள்.

குருவி அடுத்த ஆளுக்காகத் தாளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இடது கையால் அடுக்கி, வலது முழங்கையால் ஓரத்தைத் தட்டிச் சமமாக்கினாள்.

"நான் அந்தப் படியை இருபத்தோரு வருஷம் ஏறிட்டேன்" என்றாள். "இனிமே நீ ஏறு."